சாடியறை

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதியவர்கள் அதன் ஆழத்தையும், அதைக் கைப்பற்றப் போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் வரை போட்டியிட்ட சரித்திரத்தையும், சுவாமி மலையின் மேல் விளங்கும் கோணேசர் ஆலயத்தின் மகிமையையும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அத்துறைமுகத்தின் கரையிலே வீடு கட்டிக் குடியிருந்தவர்கள் வருஷத்தில் ஐந்து மாதம் எதனோடு போராடி வாழ்ந்தார்கள் என்பதை எழுதியவர்கள் மிகச் சிலரே. அது கச்சான் காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை, தென்மேற்குப் பருவக்காற்றானது தன் மழையையெல்லாம் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே பொழிந்து தீர்த்துவிட்டு, ஈரம் வற்றியபின் கிழக்கே இறங்கி, இறங்க இறங்க உஷ்ணம் ஏறி, கந்தளாய்க் காடுகளையும் தம்பலகாமத்து வயல்வெளிகளையும் கடந்து எங்கள் பட்டினத்தின்மீது வீசும்போது, நடுப்பகலில் முற்றத்து மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. நனைத்த சேலையைக் கொடியில் விரித்து முடிப்பதற்குள் அதன் முதல் முனை உலர்ந்துவிடும். இப்படிப்பட்ட ஊரிலே, குளிர்தேசத்து மக்களுக்கு நிலவறைக்குள் அநேகமாகத் தானாகவே கைகூடிவிடுகிற ஒரு காரியத்தை, அதாவது பழச்சாற்றை நொதிக்கவைத்து வைனாக்கி அதைக் கெடாமல் காப்பாற்றும் காரியத்தை, என் அம்மம்மா ஒரு சிறிய அறைக்குள்ளே வருஷந்தோறும் சாதித்து வந்தார். அவ்வறையின் குளிர்ச்சி எவ்வாறு உண்டாக்கப்பட்டது, எந்த எல்லை வரை அது சென்றது என்பவற்றை, அதைக் கண்ணாற் கண்டவர்களுள் நான் இன்னும் எஞ்சியிருக்கும்போதே எழுதிவைப்பது கடமை என்று எண்ணுகிறேன்.

எங்கள் வீடு, உட்துறைமுகத்துக்கும் ஒல்லாந்தர் குடாவுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலப்பகுதியில் இருந்தது. இரண்டடிக் கனத்தில் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுப்பிய பழைய சுவர்கள். உயர்ந்த ஓட்டுக் கூரை. மூன்று பக்கமும் விறாந்தை. குசினியின் அனல் எட்டாத வடகிழக்கு மூலையில், எட்டடி நீளமும் ஆறடி அகலமுமான ஓர் அறை. மாலை வெயில் படுகிற மேற்குச் சுவரோ, அடுப்பின் பின்சுவரோ அதற்கு இல்லை என்பதை முதலிலே சொல்லவேண்டும். ஏனெனில் ஓர் இடத்தைக் குளிர்விக்க முயல்வதற்கு முன், உஷ்ணம் எவ்வழியாக உள்ளே நுழைகிறது என்று பார்த்து அவ்வழியை அடைப்பதே முதல் வேலை. ஓட்டுக்குக் கீழே இரட்டைக் கிடுகு பரப்பி, அதன் கீழ்ப் பலகைத் தட்டி அடித்திருந்தார்கள். வீடு முழுவதற்கும் சீமேந்துத் தரை போட்டபோது அந்த ஓர் அறையின் தரையை மட்டும் அம்மம்மா பூசவிடவில்லை. அங்கே மண் தரையின்மேல் ஒரு சாண் உயரத்துக்கு ஆற்று மணல் கொட்டிக் கிடந்தது. ஊறுகாய், வினாகிரி, உப்பிட்ட தேசிக்காய், வைன் எல்லாம் அந்த மணலிலே அடி புதைந்து நின்ற சாடிகளில் இருந்தபடியால் அதைச் சாடியறை என்றே அழைத்தோம்.

நாங்கள் கத்தோலிக்கர். திருகோணமலை 1893இல் தனி மறைமாவட்டமாக்கப்பட்டு, இயேசு சபைக் குருமாரின் பொறுப்பில் வளர்ந்த காலந்தொட்டு எங்கள் குடும்பத்தார் கோவிலோடு நெருங்கிய தொடர்புடையவர்கள். பூசைக்குரிய வைன் முந்திரிகைக் கனியிலிருந்து இயற்கையாக உண்டானதாகவும், கெட்டுப்போகாததாகவும் இருத்தல் அவசியம் என்பது 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்திலும் இடம்பெற்ற விதி. உஷ்ண தேசங்களுக்கு வைன் அனுப்பும்போது அது புளித்துப்போகாதிருக்கும் பொருட்டு, முந்திரிகையிலிருந்தே வடித்த சாராயத்தை ஓரளவுக்குச் சேர்த்துக்கொள்ளவும் திருச்சபை இடமளித்திருந்தது. எங்கள் வீட்டு வைன் பீடத்துக்கு ஏறியதில்லை. அது நத்தார்ப் பண்டிகைக்கும், ஞானஸ்நான விருந்துக்கும், கலியாண வீட்டுக் கேக்கோடு சிறு கிண்ணங்களில் கொடுப்பதற்கும் உரியது. ஆனாலும் அவ்விதியின் பிற்பாதியை, அதாவது கெட்டுப்போகாததாக இருக்கவேண்டும் என்பதை, அம்மம்மா தம் வைனுக்கும் உரிய சட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். புளித்த வைனைச் சீனி சேர்த்து மறைத்து விருந்தினருக்குக் கொடுப்பதை அவர் ஒரு பொய்யாகக் கருதினார்; அக்கருத்தில் அவரோடு நான் இன்றும் முழுமனதாக உடன்படுகிறேன்.

வருஷத்துக்கு இரண்டு வைன். ஒன்று கச்சான் காலத்தின் நடுவிலே நாவற்பழம் உதிரும்போது இடுவது. மற்றது மழை தொடங்கும் நாட்களில் முந்திரிகை வற்றலை ஊறவைத்து நத்தாரை நோக்கி இடுவது. நாவற்பழத்தை உப்புத் தண்ணீரில் அலசி, வளையல்களைக் கழற்றிய கையால் பிசைவார்கள். கொட்டை உடைந்தால் கசப்பு இறங்கும் என்பதால் உலக்கையோ அம்மியோ உதவாது. பிசைந்த கை முழங்கை வரை ஊதாவாகி, சாயம் போகச் சில நாட்கள் எடுக்கும். நாவலில் துவர்ப்பு உண்டு, புளிப்பு உண்டு. வைனுக்கு வேண்டிய அளவு இனிப்பு இல்லாதபடியால் சீனி சேர்ப்பார்கள். அந்தச் சீனி சேர்ந்த கணத்திலிருந்துதான் சாடியறையின் பரீட்சை ஆரம்பமாகும்.

நொதித்தல் தானே வெப்பத்தை உண்டாக்குவது. இதை அறியாதவர்கள் அறையைக் குளிர்வித்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். 180 கிராம் குளுக்கோசு நொதிக்கும்போது 92 கிராம் மதுசாரமும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் பிறக்கின்றன என்பது கணக்கு. அவற்றோடு கூடப் பிறக்கும் வெப்பம் வெளியேற வழியின்றிச் சாற்றிலேயே தங்குமானால், லீற்றருக்கு 200 கிராம் சீனி கொண்ட சாறு நொதித்து முடிவதற்குள் ஏறத்தாழ 25 பாகை செல்சியசு சூடேறிவிடும். மதுவமோ 25 பாகையளவில் நன்றாக வேலைசெய்து, 30ஐத் தாண்டியதும் பதறி, 35ஐ அணுகும்போது பெரும்பாலும் சோர்ந்து, சீனி மீதமிருக்கையிலேயே நின்றுவிடக்கூடிய சுபாவமுடையது. நின்றுபோன சாடியிலே எஞ்சிய இனிப்பையும் உண்டான மதுசாரத்தையும் வினாகிரிப் பற்றீரியாக்கள் கைப்பற்றிக்கொள்கின்றன; அவற்றுக்கு வெப்பமும் சிறிது காற்றும் இருந்தாற் போதும். லூயி பாஸ்டர் 1866இல் வைனுக்கு உண்டாகும் நோய்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். பிரான்சின் மிதமான சீதோஷ்ணத்திலேயே வைன் நோயுறுமானால், ஆடி மாதத்துத் திருகோணமலையில் அது பிழைப்பதற்கு எவ்வளவு பராமரிப்பு வேண்டும் என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

என் பெரிய மாமா கடற்படை டொக்யாட்டின் களஞ்சியப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். 1957 ஒக்டோபரில் ஆங்கிலேயர் தளத்தை இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போவதற்கு முந்திய வருஷங்களில், கழிக்கப்பட்ட பொருட்களை ஏலம் விடும்போது அவர் மலிவாக எடுத்துவந்தவற்றுள் எங்கள் வீட்டில் நிலைத்தவை இரண்டு: தடித்த பாய்மரக் கித்தான் ஒரு சுருள், பரன்ஹைட் அளவிட்ட வெப்பமானிகள் ஒரு சோடி. ஒரு வெப்பமானியை அவர் சும்மா தொங்கவிட்டார். மற்றதன் குமிழில் பருத்தித் திரியைச் சுற்றி, திரியின் மறுமுனையைத் தண்ணீர்க் குப்பியில் அமிழ்த்தினார். கச்சான் மும்முரமாக வீசும் பிற்பகலில் முதலாவது 94 என்று காட்டும்போது இரண்டாவது 78 என்று காட்டும். "தம்பி, இந்த ஈரக்குமிழ் சொல்லுறதுதான் எங்கட எல்லை. தண்ணியையும் காத்தையும் வைச்சு இதுக்குக் கீழே ஒருத்தரும் போகேலாது; ஆனால் இதுக்குக் கிட்டப் போகலாம்" என்று அவர் சொன்ன வாக்கியத்தை, பிற்காலத்தில் கல்லூரியிலே ஆவியாதலையும் மறைவெப்பத்தையும் கற்றபோது, நான் முன்பே அறிந்த உண்மையாக வரவேற்றேன்.

அறையின் தெற்குச் சாளரம் விறாந்தையை நோக்கித் திறந்தது. வடக்குச் சுவரின் உச்சியில் கையளவு துவாரங்கள் இருந்தன. சாளரத்துக்கு வெளியே கித்தானைத் தொங்கவிட்டு, அதன் மேல்விளிம்பில் அடியிலே சிறு துளைகள் இட்ட தகரப் பீலி ஒன்றை மாமா பொருத்தினார். பீலியில் வாளித் தண்ணீரை ஊற்றினால் அது கித்தானில் மெல்லக் கசிந்து இறங்கும். விறாந்தையின் நிழலைக் கடந்து வரும் கச்சான் காற்று அந்த ஈரத்தின் ஊடாக நுழைந்து, தன் வெப்பத்தை இழந்து, அறையைச் சுற்றி, வடக்குத் துவாரங்களால் வெளியேறும். வட இந்தியாவிலே வெட்டிவேர்த் தட்டிகளை நனைத்து மாளிகைகளைக் குளிர்வித்த முறையும் இதுவே. கீழே மணலில் நின்ற சாடிகளைத் தனித்தனியாக ஈரச் சாக்கினால் சுற்றி, சாக்கின் அடிவிளிம்பு ஈர மணலைத் தொடும்படி விட்டிருந்தார்கள். மணல் உறிஞ்சிய நீரைச் சாக்கு மேலே இழுத்துக்கொள்ளும். மண்பானைக்குச் சாக்கு வேண்டியதில்லை, அது தானே வியர்க்கும். ஆனால் அதன் நுண்துளைகளில் பழைய புளிப்பு தங்கிவிடும் என்பதால் அம்மம்மா வைனை மெருகிட்ட பீங்கான் சாடியிலன்றி வேறெதிலும் இடமாட்டார். மெருகுச் சாடி வியர்க்காது; ஆகவே அதற்கு வியர்வையைச் சாக்கு கொடுத்தது.

அதிகாலையிலே அறையின் கதவும் சாளரமும் திறந்திருக்கும். எட்டு மணியளவில் வெளிக்காற்று அறைக்காற்றைவிடச் சூடாகத் தொடங்கும் தருணத்தை அம்மம்மா வெப்பமானியைப் பாராமலே அறிவார், விறாந்தைத் தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கதவைச் சாத்து, இனி வெளியிலதான் வெக்கை" என்பார். அப்போது கதவை அடைத்து, கித்தானை இறக்கி, முதல் வாளியை ஊற்றுவோம். பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வேலை சாக்குகளைத் தொட்டுப் பார்ப்பது. ஈரச் சாக்கில் இருவகை உண்டு: தண்ணீர் கனத்துச் சொட்டுகிற சாக்கு குளிர்ச்சியைத் தராது, ஏனெனில் அது சொட்டித்தான் தீர்கிறது, ஆவியாகித் தீர்வதில்லை, பிழிந்தால் இரண்டொரு துளி மட்டும் வருமளவுக்கு ஈரமாக இருக்கிற சாக்கே விரலுக்குச் சில்லென்று இருக்கும். அந்த நிலையில் வைத்துக்கொள்வதற்குச் சிறுகச் சிறுகப் பல தடவை தெளிக்கவேண்டும். அறை 82 பாகையிலும் சாடியின் உட்புறம் 80க்குச் சற்று மேலும் கீழுமாகவும் நின்ற பிற்பகல்களில், நுரை பொங்கும் ஓசையும் ஈரச் சணலின் வாசனையும் நாவற்சாற்றின் புளித்த நறுமணமும் ஒன்றாகக் கலந்திருந்த அந்த அரை இருட்டுக்குள் நுழைவது, வெளியுலகிலிருந்து வேறொரு பருவகாலத்துக்குள் நுழைவதாகவே எனக்குத் தோன்றும்.

ஆவியாகும் ஒரு கிலோகிராம் நீர் சுமார் 2,400 கிலோயூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இருபது லீற்றர்ச் சாடியொன்றில் நான்கு கிலோ சீனி நொதித்து வெளியிடும் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே. ஒரே ஒரு லீற்றர் தண்ணீர் அந்தச் சாக்கிலிருந்து முழுவதும் காற்றோடு போகுமானால் அச்சாடியின் நொதித்தல் வெப்பம் முழுவதும் போய்விடும் என்ற இந்தப் பொருத்தத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை. மாமா இதைத் தம் கணக்கில் கண்டு சொன்னபோது அம்மம்மா, "ஒரு செம்புத் தண்ணி காணுமெண்டால் பிறகேன் இவ்வளவு வாளி அள்ளுறாய்?" என்று கேட்டார். "மிச்சமெல்லாம் இந்தக் கச்சானுக்கு அம்மா, அது சுவராலையும் கூரையாலையும் கொண்டுவந்து கொட்டுற வெக்கைக்கு" என்றார் மாமா. பதில் சரியானது. கிணற்றடியில் துலா நாள்முழுதும் ஏறி இறங்கியது அதற்காகத்தான்.

இவ்விருவருக்கும் இடையே தீராத விவாதம் ஒன்று உண்டு. அப்ப மாவைப் புளிக்கவைக்கக் கள்ளு விடுவது எங்கள் நாட்டு வழக்கம்; அதே கள்ளில் ஒரு கரண்டியை வைனுக்கும் விட்டால் உடனே பொங்கும் என்பது அம்மம்மாவின் அனுபவம். கள்ளில் நல்ல மதுவத்தோடு வினாகிரிக் கிருமியும் சேர்ந்தே வருகிறது, கச்சான் காலத்தில் அதை உள்ளே விடுவது திருடனைக் கைபிடித்து அழைத்துவருவதற்கு ஒப்பாகும் என்பது மாமாவின் கட்சி. கடைசியில் பழத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே பிசைந்து சிறு சாடியில் பொங்கவைத்து, அதையே பெரிய சாடிகளுக்கு உறையாக ஊற்றுவதென்று முடிவாயிற்று. மாமாவின் இன்னொரு யோசனையை அம்மம்மா மறுக்காமலே ஏற்றார்: பெரிய மிடாவில் ஒன்றாக இடாமல் சிறு சாடிகளில் பிரித்து இடுவது. பாத்திரம் பெரிதாகப் பெரிதாக உள்ளே பிறக்கும் வெப்பத்துக்குத் தக்கபடி புறப்பரப்பு பெருகுவதில்லை. நடுவிலுள்ள சாறு வெந்துபோகும். மதுச்சாலைகள் குளிர்நீர்க் குழாய்களைப் பாத்திரத்துக்குள்ளே ஓடவிடுவதும் இக்காரணத்தாலேயே; எங்களிடம் குழாய் இல்லை, சாடிகள் இருந்தன.

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா எண்ணெய்க் குதங்களையும் தாக்கியபோது பட்டினத்து மக்கள் காடுகளை நோக்கி ஓடினார்கள். நான் பிறப்பதற்கு முன் நடந்தது அது. அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். குதம் எரிந்த கரும்புகை நாட்கணக்காக வானத்தில் நின்றதாம். திரும்பிவந்தபோது வீட்டுக்கு ஒரு சேதமுமில்லை. சாடியறையும் அப்படியே இருந்தது. சாக்குகள் மட்டும் காய்ந்து விறைத்திருந்தன. சாடிகளில் வைத்திருந்த வைன் அத்தனையும் வினாகிரியாகிவிட்டது. அவ்வறையின் குளிர்ச்சி சுவரில் இருக்கவில்லை, அன்றாடம் தண்ணீர் தெளித்த கைகளில்தான் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இங்கே, நிலவறை தோண்டினால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சற்று விரிவாகவே விடை சொல்லவேண்டும். ஏனென்றால் இந்த யோசனை புத்தகம் படித்த எவருக்கும் முதலில் தோன்றுவது. என் சின்ன மாமாவுக்கும் தோன்றியது. அவர் பின்வளவிலே குழி தோண்டினார். ஆள் மட்டம் இறங்குவதற்குள் உவர்நீர் ஊறிவிட்டது. நீர் ஊறாத மேட்டு நிலமாக இருந்திருந்தாலும் பெரிய பிரயோஜனம் கிடைத்திருக்காது. ஆழத்திலுள்ள மண்ணின் வெப்பநிலை அவ்விடத்தின் வருஷ சராசரி வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். பாரிஸ் வானாய்வு நிலையத்தின் அடியில் 28 மீற்றர் ஆழமான நிலவறையில் லவோசியே 1783இல் வைத்த வெப்பமானி, கோடையிலும் குளிர்காலத்திலும் 12 பாகை செல்சியசுக்குச் சிறிது குறைவாகவே அசையாமல் நின்றது. அவ்விடத்தின் சராசரியை ஒட்டிய அளவு அது. சீனி எவ்வாறு மதுசாரமாகவும் வாயுவாகவும் பிரிகிறது என்பதை நிறுத்துக் கணக்கிட்டு 1789ஆம் ஆண்டின் தம் இரசாயன நூலில் எழுதியவரும் அதே லவோசியே என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிற பொருத்தம்: வைன் பிறக்கும் கணக்கும் அது உறங்கும் அறையின் கணக்கும் ஒரே மனிதரின் கையில் இருந்தன. திருகோணமலையின் வருஷ சராசரியோ ஏறத்தாழ 28 பாகை. இங்கே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் 28தான் கிடைக்கும். பட்டினத்துக்கு மேற்கே கன்னியாவிலே, ஏழு கிணறுகளில் பூமி வெந்நீரையே தருகிறது. பூமியின் குளிர்ச்சி ஐரோப்பியனுக்குக் கிடைத்த பிதுரார்ஜிதச் சொத்து. எங்களுக்கு வாய்த்தவை காற்றும் நீரும் நிழலும் உழைப்புமே.

ஐப்பசியில் காற்றுத் திரும்பும். வாடையும் மழையும் வந்தபின் வெளியே உஷ்ணம் 80 பாகை பரன்ஹைட்டுக்குத் தானாகவே இறங்கும். ஆனால் காற்று ஈரம் நிறைந்திருப்பதால் ஈரக்குமிழும் அதை ஒட்டியே நிற்கும், சாக்கை நனைத்து ஒன்றும் ஆகாது. கித்தானைச் சுருட்டிவைத்து, சாக்குகளை அவிழ்த்து, சாடிகளை மணலிலிருந்து எடுத்துப் பலகை மேல் ஏற்றுவார்கள். அப்போதைய சத்துரு பூஞ்சணம். அம்மம்மா சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, மூலைகளில் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைச் சிரட்டைகளில் வைத்து ஈரத்தை இழுக்கச் செய்வார். முந்திரிகை வற்றல் வைன் இக்காலத்தில் நிதானமாக நொதித்து, அமைதியாகத் தெளிந்து, நத்தாருக்குள் குடிக்கத்தக்கதாகும். நாவல் வைனைவிட அதுவே சுலபமானது. சுவையில் என்னவோ எனக்கு நாவல்தான் மேலானது.

வைன் இடுவது ஒன்று, வைத்திருப்பது இன்னொன்று. வருஷக்கணக்கில் வைக்க விரும்புவோர் 12 முதல் 15 பாகை செல்சியசு வரை வேண்டும் என்கிறார்கள். சாடியறை எவ்வளவு முயன்றும் 26க்குக் கீழே வந்ததில்லை, வரவும் முடியாது. வெப்பம் 10 பாகை ஏறினால் இரசாயன மாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே எங்கள் அறையில் ஒரு வருஷம் கிடந்த வைன், நல்ல நிலவறையில் இரண்டு வருஷத்துக்கு மேலான முதுமையை அடைந்துவிடும். ஆயினும் உஷ்ணத்தைக் காட்டிலும் உஷ்ணத்தின் ஏற்ற இறக்கமே போத்தலுக்கு அதிகத் தீங்கு செய்வது: பகலில் விரிந்து இரவில் சுருங்கும் திரவம் தக்கையின் ஓரமாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்கு மணல் உதவியது. கழுத்து வரை நிரப்பி, தக்கையை அடித்து, மெழுகில் தோய்த்து, ஈர மணலுக்குள்ளே படுக்கவைத்த போத்தல்களுக்கு இரவும் பகலும் ஒன்றாகவே இருந்தன. அவ்வளவு காத்தும் நாவல் வைன் அடுத்த வருஷத்து நாவல் பழுக்குமுன் குடித்துத் தீர்க்கவேண்டியதே என்பதில் அம்மம்மாவுக்குத் தெளிவு இருந்தது. எந்தப் போத்தலையும் பெருமைக்காக அவர் பழசாக்க முயலவில்லை. கப்பலின் அடித்தட்டிலே உஷ்ணமண்டலத்தைக் கடந்து வெந்ததால் சுவை மிகுந்தது என்று பெயர் பெற்ற மதீரா வைனைக் குறித்து மாமா சொல்வதுண்டு. ஆனால் அது சாராயம் சேர்த்து வலுவூட்டிய வைன், எங்களுடையது பலவீனமான வீட்டு வைன், ஒன்றைக் காட்டி மற்றதை ஆறுதற்படுத்த முடியாது.

பனிக்கட்டியை அமெரிக்க ஏரிகளில் வெட்டி 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றிய காலமும், அதற்கென்று சென்னையில் 1842இல் ஐஸ் ஹவுஸ் கட்டிய காலமும் போய், இயந்திரக் குளிர்ச்சி எங்கள் ஊருக்கும் வந்தது. முதலில் மண்ணெண்ணெய்யில் எரிகிற பிரிட்ஜ், பிறகு மின்சாரத்தில் ஓடுவது. உள்நாட்டு யுத்த காலத்தில் மின்சாரமும் மண்ணெண்ணெய்யும் அருமையாகிவிட்டபோது சாக்கும் மணலுமே மீண்டும் துணை. பழைய வீடு இப்போது இல்லை. உப்புவெளியில் குடியிருக்கும் என் மருமகன், தன் வீட்டுப் படிக்கட்டின் கீழிருந்த வெற்றிடத்தை ரெஜிபோம் பலகைகளால் ஆறு பக்கமும் மூடி அலமாரியாக்கி, சிறிய குளிரூட்டி ஒன்றைப் பொருத்தி, யாழ்ப்பாணத்து முந்திரிகையிலும் நாவலிலும் வைன் இடுகிறான். 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பத்து மணி நேரத்துக்கு மேலாகவும் மின்சாரம் வெட்டப்பட்ட நாட்களில் அவன் மிகவும் கலங்கினான். வெற்றிடம் விடாமல் அலமாரியின் அடித்தட்டு முழுவதையும் தண்ணீர்க் கலன்களால் நிரப்பும்படி நான் சொன்னேன். காற்று சிறிது குளிரைத்தான் வைத்திருக்கும், நீர் நிறைய வைத்திருக்கும். மின்சாரம் இருக்கையில் குளிர்ந்துகொண்ட அக்கலன்கள், மின்சாரம் இல்லாதபோது அலமாரியைக் காத்தன. கதவைத் திறந்து பார்க்காதிருப்பது மட்டுமே அவனுக்குக் கடினமாக இருந்தது.

13 பாகைக்குத் தாழ்த்தவேண்டும் என்று அவன் ஆசைப்பட்டபோது நான் தடுத்தேன். மாரி காலத்து ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த பலகைகளின் இடுக்குகளில் நுழைந்து பனித்து, தக்கைகளில் பூஞ்சணம் பிடிக்கும், மின்செலவும் தாங்காது. ஒன்றிரண்டு வருஷத்துக்குள் குடிக்கிற வீட்டு வைனுக்கு 18 போதும், அது அசையாமல் நின்றால். அவன் 18இல் வைத்து, காலையும் மாலையும் அளவைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிவருகிறான். இந்த வருஷத்து நாவல் வைன் அங்கே மண்டி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை தெளிவை இறுத்து மாற்றியாயிற்று, நத்தாருக்கு முன் இன்னொரு தடவை இறுத்துவிட்டுத்தான் போத்தலில் அடைக்கவேண்டும்.